ஓட்டுநர் வரவில்லை

திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு என் சைக்கிளைப் பறிமுதல் செய்தார்கள். அந்த நேரத்தில் நான் அதன்மேல் படுத்திருந்தேன்.

படுத்திருந்தேன் என்றால் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் சைக்கிள் அப்படிப்பட்டது. சாய்வு நாற்காலியில் சாய்வதுபோல முதுகை முழுவதும் சாய்த்துக்கொண்டு, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். பெடல் முன் சக்கரத்துக்கும் முன்னால் இருக்கும். கைப்பிடி இடுப்புக்கு இரண்டு பக்கமும் வரும். இருக்கை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். செய்து கொடுத்தவன் என் மனைவியின் தம்பி. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பழைய தண்ணீர்க் குழாயை வளைத்துச் சட்டம், மூன்று செயின்களைச் சேர்த்து ஒரு செயின், கிழிந்த நாற்காலியின் கித்தானில் இருக்கை. லாரிக்காரர்கள் கண்ணில் படவேண்டும் என்று பின்னால் ஒரு மூங்கில் கம்பு, அதன் நுனியில் சிவப்புக் கொடி.

நான் தண்ணீர் மீட்டர் பார்ப்பவன். பதினாறு வருடமாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் தலையை விட்டு எண்ணைப் பார்த்து எழுதியதில் முதுகெலும்பில் இரண்டு வட்டுகள் இடம் மாறிவிட்டன. "பத்து நிமிஷத்துக்கு மேல நிமிர்ந்து உக்காராதீங்க. குனியவே குனியாதீங்க. சாஞ்சுக்கிட்டு செய்யற வேலையா பாத்துக்குங்க" என்றார் டாக்டர். சாய்ந்துகொண்டு செய்யும் வேலை என்று எனக்குத் தெரிந்து இருப்பவை எல்லாம் பெரிய அதிகாரிகளிடம் இருந்தன. அதனால்தான் மச்சான் இந்த சைக்கிளைச் செய்தான். இதில் போனால் குனியவே வேண்டாம். குழி மூடி என் கைக்கு நேராக வரும். படுத்தபடியே கொக்கியால் மூடியைத் தூக்கி, குச்சியில் கட்டிய கண்ணாடியில் எண்ணைப் பார்த்து, மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு நாளைக்கு எண்பது வீடு பார்த்தவன் நூற்றுப் பத்து பார்த்தேன்.

அதில் போகிற சுகத்தையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தெருவைப் பார்த்துக்கொண்டு போகும்போது நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். மரங்களின் அடிப்பக்கமும் மாடிகளின் அடிப்பக்கமும் எனக்குப் பழக்கமாயின. எதிர்க்காற்று என்னைக் கண்டுகொள்ளாமல் மேலே போய்விடும். சமதரையில் இளவட்டங்களை முந்துவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பல மாதத்தில் முதல் தடவையாக, மனைவியைக் கூப்பிடாமல் செருப்பை நானே கழற்றினேன். மனைவி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

கஷ்டமும் உண்டு. மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது, முழங்கால் கழன்றுவிடும். லாரிப் புகை நேராக மூக்குக்கு வரும். மழை பெய்தால் மூக்கு நிறையும். நாயின் முகமும் என் முகமும் ஒரே உயரம். அதற்கு என்ன தோன்றுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். இறங்கித் தள்ள வேண்டி வந்தால் இடுப்பை இரண்டாக மடித்துக்கொண்டு தள்ள வேண்டும். போகிற வழியெல்லாம் யாராவது ஒருவர் "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்பார்.

அந்தத் திங்கட்கிழமை, சரிவுக்குக் கீழே நாற்சந்தியில் நின்ற சோதனைக்காரர் அப்படிக் கேட்கவில்லை. "தகுதிச் சான்று?" என்றார்.

சைக்கிளுக்குத் தகுதிச் சான்று வாங்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். பழைய சைக்கிளுக்கு வாங்கியும் இருந்தேன். புதியதற்கு வாங்கவில்லை. தப்பு என்னுடையது. அதை எழுதியே கொடுத்தேன். சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் நடந்து வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து.

மேற்பார்வையாளர் கோபக்காரர் அல்ல. அமைதியாகத்தான் சொன்னார். "அடுத்த திங்கட்கிழமை எட்டு மணிக்குச் சான்றோட சைக்கிள் வாசல்ல நிக்கணும். இல்லேன்னா உங்க தெருவையெல்லாம் வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். உங்களுக்குக் குடுக்க என்கிட்ட வேற வேலை கிடையாது. முதுகு இல்லாத ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

அன்று மத்தியானமே தகுதிச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டேன்.

தகுதிச் சான்று அலுவலகத்தில் தேர்வு நடக்கும் முறையை விளக்கியாக வேண்டும். கட்டடத்தின் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் அடிக்கட்டை ஒரு சராசரி ஆளின் மார்பு உயரம். உள்ளே தேர்வு அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பதிவேட்டோடு எழுத்தர். விண்ணப்பம் போட்டவர் சைக்கிளில் ஏறி, ஜன்னலுக்கு வெளியே இடமிருந்து வலமாக, மணியை ஒரு தடவை அடித்துக்கொண்டு போகவேண்டும். ஜன்னலில் தலையும் தோளும் கடந்துபோகும். அதிகாரி "வந்தார்" என்பார். எழுத்தர் "வந்தார்" என்று எழுதுவார். சான்று கிடைத்துவிடும். சைக்கிளை யாரும் பார்ப்பதில்லை. பிரேக் இல்லாத சைக்கிளில் கடந்துபோனவர்கள் நிறையப் பேர். அவர்கள் எல்லாம் "வந்தார்" ஆகி, நேராகக் காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டி, பிறகு திரும்பி வந்து சான்றை வாங்கிக்கொண்டு போனார்கள். சுவரில் அந்த இடம் மட்டும் காரை பெயர்ந்திருக்கும்.

மூன்று தடவை "வரவில்லை" என்று எழுதப்பட்டால் அந்த சைக்கிள் கேட்பாரற்றது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பின்கட்டில் அதை வெட்டித் துண்டாக்கிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை, தேர்வுக்காகப் பத்து நிமிடம் சைக்கிளை என் கையில் கொடுத்தார்கள். படுத்தேன். மணியடித்தேன். ஜன்னலைக் கடந்தேன். எனக்கு ஜன்னலின் அடிப்பக்கமும் ஒரு குருவிக்கூடும் தெரிந்தன. உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"மணி வந்தது. ஓட்டுநர் வரவில்லை."

"ஓட்டுநர் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே எழுத்தர் எழுதும் சத்தமும் கேட்டது.

இறங்கி, வாசலைச் சுற்றி ஓடி, ஜன்னல் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், நான் வந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப வந்திருக்கீங்க. அப்ப வரலை."

"ஜன்னலுக்குக் கீழ வந்தேன் சார். கொடிகூடத் தெரிஞ்சிருக்குமே?"

"கொடி வந்துச்சு. கொடிக்கு நாங்க சான்று குடுக்கறதில்ல."

"ஒரு தடவை எட்டிப் பாத்தீங்கன்னா..."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். ஜன்னல் அதிகாரி சங்கடத்தோடு சிரித்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளி தப்பாக ஏதோ கேட்டுவிட்டதைப்போல. "எட்டிப் பாத்தா அதுக்குப் பேரு ஆய்வு. ஆய்வு வேற பிரிவு. அந்தப் பிரிவை மூடி ஒன்பது வருஷம் ஆச்சு."

அன்று வீட்டில் ஒரு மனு எழுதினேன். பொருள்: ஜன்னலுக்குக் கீழே சென்றவரை வந்தவராகக் கருதக் கோருதல். நாலு பத்தி, எண் போட்டு, அளவுகளோடு, படம் வரைந்து, இரண்டு பிரதி. மறுநாள் காலையிலேயே பதில் கிடைத்தது. நான் அதுவரை பார்த்த அரசுப் பதில்களில் அதுதான் மிகவும் சீக்கிரம் வந்தது. "மனுதாரர் வந்ததற்கான ஆதாரம் இணைக்கப்படாததால் மனு திருப்பி அனுப்பப்படுகிறது."

"ஜன்னல் வர்றப்ப மட்டும் ஒரு நிமிஷம் எந்திரிச்சு உக்காந்துருங்களேன்" என்றாள் மனைவி. "வலிக்கும்தான். ஒரு நிமிஷம்தானே?"

புதன்கிழமை அப்படியே செய்தேன். ஜன்னல் நெருங்கும்போது கைப்பிடியை விட்டு, சட்டத்தைப் பிடித்து, என்னை மேலே தூக்கினேன். என் தலை ஜன்னலுக்குள் தெரிந்தது. அதிகாரியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அந்த நொடியில் முதுகுக்குள் ஏதோ பிடித்துக்கொண்டு இழுத்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து ஜன்னலுக்கடியில் விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

"ஓட்டுநர் வந்தார்" என்ற குரல் மேலேயிருந்து கேட்டது. கொஞ்சம் தயக்கம். "உடனே போய்விட்டார்."

"எப்படிங்க எழுதறது? வந்தார்னா, வரவில்லைன்னா?" என்றார் எழுத்தர்.

"வலது ஓரம் வரைக்கும் வரலையே. வரவில்லைன்னே எழுதுங்க."

நான் அரை மணி நேரம் அங்கேயே கிடந்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓட்டி, ஒவ்வொருவராக "வந்தார்" ஆனார்கள். ஒருவர் போகிறபோக்கில், "தேர்வு முடிஞ்சப்பறம் படுக்கக்கூடாதா சார்?" என்று கேட்டார். மனைவி வந்து என்னைத் தூக்கி நிறுத்தும்வரை ஜன்னலிலிருந்து ஒரு தலையும் வெளியே நீளவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நீட்டியிருந்தால் அது ஆய்வாகியிருக்கும்.

வியாழக்கிழமை இருவரும் தலைமை அதிகாரியைப் பார்க்கப் போனோம். நான் நிற்க முடியாமல் கதவில் சாய்ந்திருந்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். உட்கார முடியாது என்றேன். அதற்கு அவர் மிகவும் மகிழ்ந்துபோனார். "மரியாதை தெரிஞ்சவர்" என்று மனைவியிடம் சொன்னார்.

"ஐயா, நாளைக்கு சைக்கிளை வெட்டிடுவாங்க. அது இல்லேன்னா இவருக்கு வேலை இல்ல. வேலையை விடுங்க, பழையபடி இவர் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கற நெலமை வந்துரும். ஒரு தடவை வெளிய வந்து பாருங்கய்யா" என்றாள் மனைவி. அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

தலைமை அதிகாரி எழுந்து நின்றார். பேசப்போகிறார் என்று தெரிந்ததும் வெளியே இருந்த ஊழியர்கள் இரண்டு பேர் வந்து கைகட்டி நின்றார்கள்.

"அம்மா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இந்தத் துறையோட சரித்திரம் உங்களுக்குத் தெரியாது. முப்பத்தோரு வருஷம்! இந்த முப்பத்தோரு வருஷத்துல, தெருவுல எவ்வளவு சைக்கிள் விபத்து நடந்திருக்கும்? கணக்கே இல்ல. ஆனா எங்க ஜன்னல்ல? ஒண்ணு, ஒரே ஒண்ணு நடந்திருக்கா? சொல்லுங்க!" ஊழியர்கள் இல்லை என்று தலையாட்டினார்கள். "இது எப்படி முடிஞ்சுது? ஏன்னா நாங்க ஜன்னலை விட்டு நகரலை. இதுக்கு முன்னாடி இருந்த அதிகாரி ஒருத்தர் வெளிய போய் சைக்கிளைப் பாத்தார். பிரேக் கட்டையைக் கையால தொட்டுப் பாத்தாராம். என்ன ஆச்சு? எட்டு சைக்கிள்ல ஏழு சைக்கிளுக்குச் சான்று குடுக்க முடியலை. துறையோட தேர்ச்சி விகிதமே விழுந்துபோச்சு. அவரை மாத்தினதுக்கப்பறம்தான் நூத்துக்கு நூறு வந்துது. இப்ப உங்க வீட்டுக்காரர் ஒருத்தருக்காக நான் அதைக் கெடுக்கணுமா?"

"ஜன்னல் கட்டையைக் கொஞ்சம் எறக்கி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"ஜன்னல் கட்டடப் பிரிவோடது. அதுல நாங்க சாஞ்சுக்கலாம். எறக்க முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, அன்பாகச் சொன்னார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. உங்ககிட்ட எங்களுக்கு ஒரு விரோதமும் இல்ல. எங்களுக்கு வேண்டியது ஒரு தலை. அவ்வளவுதான்."

திரும்பி வரும் வழியில் மனைவி வேகமாக முன்னால் நடந்தாள். தெருமுனையில் நின்றாள். "ஒரு தலைதானே கேக்கறான்?" என்றாள். அந்த 'றான்' எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு பழைய மண்பானையைக் கவிழ்த்து, கஞ்சிப்பசையில் செய்தித்தாளை ஒட்டி ஒட்டி ஒரு தலை செய்தாள். அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைத்து, கறுப்பு மையால் கண், புருவம், மீசை எழுதினாள். என் பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். மச்சான் கம்பியை வளைத்துத் தோள் ஒன்று செய்து, என் சட்டையைப் போட்டுவிட்டு, நாளைக்குக் கொடிக் கம்பில் செருகத் தோதாக அடியில் ஒரு குழாயும் வைத்தான். எல்லாம் முடிந்ததும் மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தோம்.

"மாமா மாதிரியேதான் இருக்கு. ஆனா மூக்கு கொஞ்சம் நேரா வந்துருச்சு அக்கா" என்றான் மச்சான்.

"இருக்கட்டும் விடு. அதுலயாவது நேரா இருக்கட்டும்."

எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த முகத்தில் வலி இல்லை. வெளியே சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மூன்றாவது தேர்வு. பின்கட்டில் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. நான் படுத்தேன். கொடிக் கம்பில் செருகிய தலை எனக்கு மேலே நிமிர்ந்து நின்றது. மணியடித்தேன். ஜன்னலைக் கடந்தோம்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.  பிறகு நாற்காலி நகரும் ஓசை. ஜன்னல் அதிகாரி எழுந்து நின்றிருக்கிறார் என்று பிறகு எழுத்தர் சொன்னார். அந்த அலுவலகத்தில் அப்படி நடந்ததில்லையாம்.

"வந்தார்" என்றார். குரல் தழுதழுத்தது. "இப்படி வரணும்! முதுகு நேரா, பார்வை நேரா. இங்க அங்க திரும்பலை. கேள்வி ஒண்ணு கேக்கலை. எழுதுங்க, மிகச் சிறப்பாக வந்தார்னு."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சான்று வாங்க மேஜைக்குப் போனேன்.

"நீங்க யாரு?" என்றார் ஜன்னல் அதிகாரி.

"நான்தான் சார். விண்ணப்பம் போட்டவன். என் பேருதான் அதுல இருக்கு."

"உங்க பேரு இருக்கு. ஆனா ஜன்னல்ல வந்தவர் நீங்க இல்லையே? அவருக்கு மூக்கு நேரா இருந்துச்சு." வெளியே எட்டிப் பார்க்காமல், எழுத்தரை அனுப்பித் தலையை உள்ளே கொண்டுவரச் சொன்னார். அதை எதிரே நாற்காலியில் உட்காரவைத்து அடையாளங்களைப் பதிந்தார்கள். கண்ணாடி அணிந்தவர். மீசை உண்டு. கண் சிமிட்டும் பழக்கம் இல்லை. கையெழுத்துக்கான இடத்தில், "கை இல்லாதவர், கனிவோடு விலக்கு அளிக்கப்படுகிறது" என்று எழுதினார்கள். சான்றைத் தலையின் சட்டைப் பையில் வைத்தார்கள்.

"சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போகலாம் சார்" என்று தலையிடம் சொன்னார் அதிகாரி. என்னிடம் திரும்பினார். "நீங்க ஏறக்கூடாது. ஒரு இருக்கை, ஒரு ஆள். நீங்களும் ஏறினா ரெண்டு ஆள். அவருக்குத்தான் சான்று ரத்தாகும், பாவம்."

எனவே தலையை மறுபடி கம்பில் செருகி, தள்ளிக்கொண்டு போனேன். அந்த சைக்கிளைத் தள்ளுவது எப்படி என்று முன்பே சொல்லியிருக்கிறேன். நான் இரண்டாக மடிந்திருந்தேன், தலை மேலே நிமிர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தது. அலுவலக வாசலில் காவலாளி அதற்கு வணக்கம் வைத்தார். மேட்டில் பாதி ஏறியதும் இடது கால் மரத்துப்போனது. முக்கால் மேட்டில் சுவரைப் பிடித்தேன். உச்சிக்குப் போனபோது வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

"ஏறிப் படுங்க" என்றாள்.

"ரெண்டு ஆள்..."

"ஏறிப் படுங்கன்னு சொல்றேன்ல!"

படுத்தேன். வலி இறங்கியது. சரிவில் சைக்கிள் தானாகவே உருண்டது. காற்று மேலே போனது, மரங்களின் அடிப்பக்கம் ஒவ்வொன்றாக வந்தது. மனைவி பின்னால் ஓடி வந்தாள். அந்த ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

கீழே நாற்சந்தியில் அதே சோதனைக்காரர் கையை நீட்டினார்.

தலையின் சட்டைப் பையிலிருந்து சான்றை எடுத்தார். படித்தார். முகத்தோடு ஒப்பிட்டார். கண் சிமிட்டுகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். திருப்தியாகி, சான்றைத் திரும்பப் பையில் வைத்து, வணக்கம் வைத்தார். அப்புறம் குனிந்தார்.

"கீழ யாரு? ரெண்டாவது ஆளா?"

நான் வாயைத் திறந்தேன். இரண்டாவது ஆள் என்றால் சான்று ரத்து, சைக்கிள் மறுபடி பின்கட்டுக்கு. ஆள் இல்லை என்று ஆளே எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மூச்சிரைக்க வந்து சேர்ந்த மனைவி சொன்னாள்.

"ஆள் இல்லைங்க. சாமான்."

"என்ன சாமான்?"

அவள் என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"பழைய சாமான். வீட்டுல இருந்ததுதான்."

சோதனைக்காரர் கைத்தடியால் என் வயிற்றை இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார். நான் மூச்சு விடவில்லை. "சாமான்னா சரி. ஆனா கட்டாம கொண்டு போறீங்களேம்மா, விழுந்தா யாரு பொறுப்பு?" என்று சொல்லி, தன்னிடமிருந்த கயிற்றால் என்னைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். நல்ல மனிதர், முடிச்சு உறுத்தாத இடமாகப் பார்த்துப் போட்டார். பெடலில் இருந்த என் கால்களைப் பார்த்தார். "சாமான் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு. நீட்டின சாமானுக்குச் சிவப்புத் துணி கட்டணும்னு விதி இருக்கு." கம்பிலிருந்த கொடியை அவிழ்த்து என் வலது கால் கட்டைவிரலில் கட்டினார்.

"போகலாம் சார்" என்றார் தலையிடம்.

வீடுவரை தள்ளிக்கொண்டு வந்து மனைவி கயிற்றை அவிழ்த்தாள். "ரொம்ப இறுக்கிட்டானா? வலிக்குதா?" என்றாள்.

"சாமானுக்கு என்ன வலி" என்றேன். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என்னை அவளே மறுபடி கட்டினாள், துணியையும் கட்டினாள். கை மட்டும் வெளியே இருந்தது. கொக்கி பிடிக்க வேண்டுமே. அவள் தள்ளிக்கொண்டு வர, எட்டு மணிக்கு நான் வேலை செய்யும் அலுவலகத்தின் வாசலில் சைக்கிள் நின்றது. மேற்பார்வையாளர் படியில் நின்று சான்றை வாங்கிப் படித்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார்.

"முதுகு இப்ப பரவாயில்லையே?" என்று தலையைக் கேட்டார். அதன் முகத்தைப் பார்த்து அவருக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. "பாருங்க, மனசு வச்சா முடியுதுல்ல. தெருவெல்லாம் உங்களுக்கேதான். ஆனா இந்தச் சாமானையெல்லாம் உள்ள கொண்டு வராதீங்க, வாசல்லயே இருக்கட்டும்."

தலையைக் கழற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். வருகைப் பதிவேடு வாசலை ஒட்டிய மேஜையில்தான் இருக்கும். படுத்திருந்த இடத்திலிருந்து, குச்சியில் கட்டிய கண்ணாடியை நீட்டித் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித்தான் தெரியும், ஆனால் பதினாறு வருடப் பழக்கம், படித்துவிடுவேன். என் பெயர் இருந்தது. அதற்கு நேராக மேற்பார்வையாளர் எழுதிக்கொண்டிருந்தார்: வந்தார்.